நீரிழிவும் வாய்நலமும்

நீரிழிவு என்னும் நோயின் பெயரைக் கேளாதார் இன்று எம்மிடையே இலர். சலரோகம் எனவும் சீனி வருத்தம் எனவும் ஊரவர் வழங்கும் அந்நோய் ஒரு காலத்திற் செல்வர் வீட்டு நோயெனக் கருதப்பட்டது. இன்று அது செல்வர் வறியர், நகரத்தார் நாட்டுப்புறத்தார் என்னும் வேறுபாடு பாராது எவ்வீட்டு வாயிலையும் அடைந்துள்ளது. போர்ச் சூழல் காரணமாக வடக்குக் கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏனைய மாகாணங்களில் நடாத்தப்பெற்ற கணிப்பொன்று, வளர்ந்தோருள் நூற்றுக்கு 10.3 பேர் நீரிழிவுடையர் எனக் கண்டது. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் உண்டென்பதை அதற்கு முன் அறிந்திலர். உலகு முழுவதற்குமாகச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2024 ஆம் ஆண்டுக்கு வகுத்த கணக்கின்படி, 20 முதல் 79 வரையான வயதினருள் ஏறக்குறைய 58 கோடியே 90 இலட்சம் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர்.

எமது பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும் இதன் அடையாளத்தைக் காணலாம். மதிய போசனத்தின் பின் வரும் பாயசத்தைக் கையமர்த்தி மறுப்போர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவர்களோடு உரையாடினால், கண்ணைப் பரிசோதித்ததைக் கூறுவர். சிறுநீரகத்தைச் சோதித்ததைக் கூறுவர். காலிற் புண் வாராது காக்கும் வகையைக் கூறுவர். வாயைப் பற்றிக் கூறுவார் அரியர். பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிகின்றதா என்று நாமே வினவினால், "வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதானே" என்று விடை வரும்.

அவ்விடை பிழையானது. முரசிற் கசியும் இரத்தத்துக்கும் இரத்தத்திலுள்ள சீனிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பு ஒருவழிப்பட்டதன்று, இருவழிப்பட்டது. நீரிழிவு வாயைக் கெடுக்கும். கெட்ட வாய் நீரிழிவை மிகுவிக்கும். இதனை விளக்குதலே எம் நோக்கம். நாம் வைத்தியரல்லேம், தமிழாசிரியரே. ஆயினும் வைத்திய நூலார் ஆராய்ந்து கண்டவற்றை எளிய தமிழில் எடுத்துரைத்தல் ஆசிரியத் தொழிலின் பாற்பட்டதே யாகலின் இம்முயற்சியிற் புகுந்தோம்.

நோயின் பெயரும் இயல்பும்

நீரிழிவு என்னும் சொல்லே நோயின் முதற் குறியைக் காட்டுவது. இழிதல் என்பது கீழ்நோக்கிச் செல்லுதல். நீர் அளவின்றி இழிதலின் நீரிழிவாயிற்று. மேனாட்டார் வழங்கும் டயபீற்றிஸ் என்னும் கிரேக்கச் சொல்லும், ஊடே கடந்து செல்லுதல் என்னும் பொருளினின்றே பிறந்தது. இரு வேறு மொழியாளர் ஒரே குறியைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டமை வியத்தற்குரியது. ஆயுர்வேத நூலார் இதனை மதுமேகம் என்றனர். தேன்போன்ற சிறுநீர் என்பது அதன் பொருள். சிறுநீரில் எறும்பு மொய்த்தலை அவர் நோய்க் குறியாகக் கொண்டனர். 1776 ஆம் ஆண்டில் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கில வைத்தியர் அவ்வினிமை சீனியினாலாயது என்றும், அச்சீனி இரத்தத்திலும் உண்டென்றும் வெளியிட்டார். 1921 இல் கனடா நாட்டின் தொரன்ரோ நகரிற் பன்ரிங், பெஸ்ற் முதலியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அடுத்த ஆண்டிலே அது நோயாளிகளுக்கு வழங்கப்படலாயிற்று.

நாம் உண்ணும் சோறும் பிட்டும் பாணும் வயிற்றிற் சீரணித்துக் குளுக்கோசு என்னும் சீனியாகி இரத்தத்திற் கலக்கின்றன. அச்சீனியை இரத்தத்தினின்றும் தசை முதலியவற்றின் கலங்களுக்குட் செலுத்துவது இன்சுலின். சதையி என்னும் உறுப்பு இன்சுலினைச் சுரவாதொழியினும், சுரந்த இன்சுலினுக்கு உடம்பு இணங்க மறுப்பினும் சீனி இரத்தத்திலேயே தங்கும். எம்மிடையே பெரும்பாலார்க்கு வருவது பின்னைய வகை. உடம்பு இணங்க மறுத்தல் என்னும் இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். வாய்க்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பின் முடிச்சு அங்கேதான் இருக்கின்றது.

முரசு நோயாவது யாது?

பல்லைச் சூழ்ந்துள்ள தசையை நூல்கள் ஈறு என்னும். யாழ்ப்பாணத்தார் முரசு என்பர். பல்லுக்கும் முரசுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் இயல்பாகவே உண்டு. நலமுள்ள வாயில் அதன் ஆழம் 3 மில்லிமீற்றருக்கு மேற்படாது. உணவு உண்டபின் பல்லின்மேல் மெல்லிய படலமொன்று படிகின்றது. நாவினால் தடவினால் வழுவழுப்பாய்த் தோன்றுவது அதுவே. அது வெறும் அழுக்கன்று. கோடிக்கணக்கான பற்றீரியாக் கிருமிகளின் குடியிருப்பு. துலக்காது விட்டால் அது உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தை ஏற்றுக் கல்லாய் இறுகும். அதனைக் காரை என்பர்.

கிருமிகள் முரசின் ஓரத்தில் தங்கியவிடத்து, முரசு சிவந்து வீங்கித் தொட்ட மாத்திரத்தே இரத்தம் கசியும். இது முதல் நிலை. 1965 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுத் தந்த வைத்திய அறிஞர், நலமான வாயுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்து ஆராய்ந்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவர்க்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாள்களிலே அது மறைந்தது. ஆகவே முதல் நிலை முற்றாக நீங்கத்தக்கது.

அதனைப் பொருட்படுத்தாது விட்டால் இரண்டாம் நிலை வரும். பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழ்ந்து பைபோலாகும். பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். முரசு கீழிறங்கப் பல் நீண்டதுபோலத் தோன்றும், ஆடும், ஈற்றில் விழும். இந்நிலையிற் கரைந்த எலும்பு மீண்டும் தானே வளராது. நோயை மேற்செல்லாது நிறுத்துதலே சிகிச்சையின் முதற் பயன். சூத்தைப் பல் வலியால் தன் வரவை அறிவிக்கும். முரசு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. அதனாலேதான் பலர் பல் ஆடத் தொடங்கிய பின்னரே வைத்தியரை நாடுகின்றனர்.

மலையகத் தோட்டங்கள் உலகுக்குத் தந்த பாடம்

முரசு நோய் இயல்பாக எவ்வாறு வளர்கின்றது என்பதை உலகம் அறிந்த வரலாற்றில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. இதனை எம்மவருட் பலர் அறியார்.

மேலே கூறிய லோ அவர்களும் அவர்தம் துணைவரும், நோர்வேயின் ஒஸ்லோ நகரிற் கற்றோர் கூட்டம் ஒன்றை 1969 முதல் ஆராய்ந்தனர். அவர்கள் சிறுவயது தொட்டே ஒழுங்கான பல் வைத்தியம் பெற்றவர்கள். அவர்களோடு ஒப்பிடுதற்காக, 1970 இல் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளரை ஆராயத் தொடங்கினர். தொடக்கத்தில் அவர்களின் வயது 14 முதல் 31 வரை. பற்றூரிகையை அவர்கள் அறிந்திலர். பல் வைத்தியமும் அவர்களை எட்டியதில்லை. 15 ஆண்டுகள், 1985 வரை, ஆய்வாளர் மீண்டும் மீண்டும் வந்து அவர்களின் வாயை அளந்தனர்.

1986 இல் வெளிவந்த முடிவு பலர் எதிர்பாராதது. எல்லாருடைய பற்களிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. எல்லாருடைய முரசும் அழன்றிருந்தது. ஆயினும் அனைவர்க்கும் ஒரே விளைவு நேரவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவி, 45 வயதளவிற் பற்கள் யாவும் போயின. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் நடுத்தரமாக வளர்ந்தது. எஞ்சிய 11 பேருக்கு முதல் நிலையைக் கடந்து நோய் செல்லவேயில்லை.

கிருமி ஒன்றுதான், கேடு வேறுவேறு. அவ்வாறாயின் பல்லின் அழிவைத் தீர்மானிப்பது கிருமி மாத்திரமன்று. அக்கிருமியை உடம்பு எதிர்கொள்ளும் முறையும் ஆகும் என்பது பெறப்பட்டது. அடுத்த வினா, அம்முறையைக் கெடுப்பன யாவை என்பது. அதற்குக் கிடைத்த விடைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று புகைத்தல், மற்றையது நீரிழிவு. லோ அவர்களே 1993 இல் எழுதிய கட்டுரையொன்றில், கண், சிறுநீரகம், நரம்பு, பெருங் குருதிக்குழாய் என்பவற்றின் கேடும் புண் ஆறாமையுமாகிய ஐந்தோடு முரசு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் எனச் சேர்த்து எண்ணினார்.

அத்தொழிலாளர் அந்நாளிற் பெற்ற நன்மை சிறிது. அவர்களுடைய வாயினின்றும் உலகம் கற்றதோ பெரிது. அப்பாடத்தைத் தமிழர் கல்லாது விடுதல் முறையன்று.

நீரிழிவு வாயைக் கெடுக்குமாறு

இரத்தத்திற் சீனி மிகுந்து நிற்குங்கால், கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெண்குருதிக் கலங்கள் தம் கடமையிற் குன்றுகின்றன. அதே வேளையில், எழுந்த அழற்சி தணியவேண்டிய காலத்தில் தணியாது நீடிக்கின்றது. மிகுதியான சீனி உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பைத் திரிக்கின்றது. அவ்வாறு திரிந்த பொருள்கள் அழற்சியை மேலும் தூண்டுகின்றன. முரசைப் பல்லோடு பிணைக்கும் நார்கள் புதுப்பிக்கப்படுதலையும் தடுக்கின்றன. முரசிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் தடிப்பதால் ஊட்டம் குறைகின்றது. இவையெல்லாம் ஒருங்கு கூடுதலால் எலும்பு கரையும் வேகம் மிகுகின்றது.

இந்நோய் மிகப் பரவலாகக் காணப்படும் சமுதாயங்களுள் ஒன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா என்னும் ஆதிக் குடியினரது சமுதாயம். அவர்களிடையே நடந்த ஆய்வொன்று, நீரிழிவுடையார்க்கு முரசு நோயின் இரண்டாம் நிலை புதிதாகத் தோன்றும் வேகம் ஏனையோரிலும் 2.6 மடங்கு என 1990 இல் அறிவித்தது. சீனியை நன்கு கட்டுப்படுத்தியவர்க்கு இவ்வபாயம் பெரிதும் குறையும் என்பதும் பிற ஆய்வுகளாற் புலனாகியது.

முரசு ஒன்றே கெடுவதன்று. நீரிழிவுடையார் பலர்க்கு உமிழ்நீர் குறைந்து வாய் வரளும். உமிழ்நீர் வாயைக் கழுவும் இயற்கையான ஊற்று. புளிப்பை மாற்றிப் பல்லைக் காப்பதும் அதுவே. அது குறைந்தவிடத்துப் பல்லின் வேரிலே சூத்தை எளிதில் விழும்; நாவிலும் பொய்ப்பல்லின் கீழும் பூஞ்சணம் படரும்; வாய் எரியும்; சுவை மாறும். பல் பிடுங்கிய புண் ஆறுதற்கும் நாள் செல்லும்.

கெட்ட வாய் நீரிழிவை வளர்க்குமாறு

இனி மறுதலையான வழியைக் காண்போம். காய்ச்சல் வந்தாலோ, முதுகிற் பிளவை கண்டாலோ, காற்புண் பழுத்தாலோ சீனி ஏறும் என்பது நீரிழிவுடையார் எல்லாரும் அனுபவத்தால் அறிந்த செய்தி. முரசு நோயும் அத்தகையதொரு புண்ணே. அது கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருப்பதால் நாம் அதனைப் புண்ணாக எண்ணுவதில்லை. நோயுற்ற பற்களைச் சுற்றியுள்ள பைகளின் உட்பரப்பை ஒருங்கே விரித்து அளந்தால், அது 8 முதல் 20 வரையான சதுர சென்ரிமீற்றர் இருக்கும் என்பது ஒரு கணிப்பு. அவ்வளவு பரப்புள்ள புண் ஒருவருடைய காலில் இருந்தால் அவர் ஒரு நாளும் வாளாவிரார். வாயில் இருக்கும்போது பத்தாண்டும் பொறுத்திருப்பர்.

அப்புண்ணின் ஊடாகக் கிருமிகளும் அவற்றின் நஞ்சும், உணவை மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் இரத்தத்திற் கலக்கின்றன. உடம்பு அவற்றை எதிர்க்கும் முகமாக அழற்சிப் பொருள்கள் சிலவற்றை உண்டாக்குகின்றது. ஈரலும் தன் பங்குக்கு வேறு சிலவற்றைச் சுரக்கின்றது. இப்பொருள்கள் இன்சுலினின் கட்டளை கலங்களுக்குட் செல்லும் வழியைத் தடுக்கின்றன. இன்சுலினுக்கு உடம்பு இணங்க மறுத்தல் என மேலே கூறினோமன்றோ? அம்மறுப்பை இவை மிகுவிக்கின்றன. விளைவு, அதே உணவுக்கும் அதே மருந்துக்கும் சீனி முன்னையிலும் உயர்ந்து நிற்றலாகும். பெருந்தீ எழுந்தால் ஊர் கூடி அணைக்கும். உமித்தீயோ வெளியே தோன்றாது உள்ளே கனன்றுகொண்டிருக்கும். முரசு நோய் உமித்தீயின் இனத்தது.

இவ்வாறு, சீனி மிகுதலால் முரசு கெட, முரசு கெடுதலாற் சீனி மேலும் மிக, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம் ஒன்று உண்டாகின்றது. வட்டத்தை எவ்விடத்தில் அறுப்பினும் பயனுண்டு. எளிதாக அறுக்கத்தக்க இடம் வாய் என்பதே எம் கருத்து.

ஆய்வுகள் கூறுவன

இக்கருத்துக்குச் சான்று யாது? அதனை அறியுமுன் ஓர் அளவையை அறிதல் வேண்டும். விரல் நுனியிற் குத்தி அறியும் சீனி அந்நேரத்து நிலையை மாத்திரம் காட்டும். செங்குருதிக் கலத்திலுள்ள ஈமோகுளோபினிற் சீனி எவ்வளவு ஒட்டியுள்ளது என அளந்தால், சென்ற இரண்டு மூன்று மாதங்களின் நிலை தெரியும். ஏனெனில் செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். முன்னையது வகுப்பில் ஆசிரியர் கேட்கும் திடீர் வினாப் போன்றது. பின்னையது தவணைப் பரீட்சை போன்றது. எச்பிஏ1சி என வைத்தியர் எழுதுவது இத்தவணைப் பரீட்சையையே. பெரும்பாலார்க்கு அது நூற்றுக்கு 7 அளவில் நிற்றல் நன்று என்பர்.

மேற்கூறிய பீமா மக்களிடையே, கடுமையான முரசு நோயுடைய நீரிழிவாளர்க்குப் பிற்காலத்தில் இவ்வளவை கட்டுமீறும் வாய்ப்பு மிகுதி என 1996 இல் அறிவிக்கப்பட்டது. 2005 இல் வெளியான தொடராய்வு இன்னும் கவலை தருவது. இருதயம் அல்லது சிறுநீரகம் கெட்டு இறக்கும் அபாயம், கடுமையான முரசு நோயுடைய நீரிழிவாளர்க்கு ஏனைய நீரிழிவாளரிலும் 3.2 மடங்காயிருந்தது.

இரண்டு ஒருங்கு நிகழ்தலால் ஒன்று மற்றையதற்குக் காரணமாகிவிடாது. ஆகலின், முரசு நோய்க்குச் சிகிச்சை செய்தாற் சீனி குறைகின்றதா எனவும் ஆராய்ந்தனர். முடிவுகள் யாவும் ஒரே வகையாய் அமைந்தில. 2013 இல் அமெரிக்காவில் 514 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு, ஆறு மாத முடிவிற் பயனொன்றும் காணவில்லை. அவ்வாய்விற் சிகிச்சையின் பின்னரும் முரசு அழற்சி போதிய அளவு நீங்கியதில்லை என அறிஞர் சிலர் குறை கூறினர். 2018 இல் இலண்டனில் 264 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்றோரின் அளவை, ஓராண்டு முடிவில் மற்றையோரிலும் 0.6 குறைந்திருந்தது. 2022 இல் 35 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குபற்றிய 3,249 பேரையும் ஒருங்கு வைத்து நோக்கிய கொக்ரேன் தொகுப்பு, மூன்று நான்கு மாதங்களில் 0.43 உம் ஆறு மாதத்தில் 0.30 உம் குறைவு உண்டாகின்றது எனத் துணிந்தது.

இக்குறைவு சிறிதெனத் தோன்றலாம். இங்கிலாந்தில் நீரிழிவாளரைப் பல்லாண்டு தொடர்ந்து நடந்த பேராய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இவ்வளவை 1 குறையுந்தோறும் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடு நூற்றுக்கு 37 குறைந்து காணப்பட்டது. அதனோடு வைத்து நோக்கின், காரையை நீக்கிப் பல்லைத் துலக்குதலாற் கிடைக்கும் குறைவை எளிதென இகழ்தல் ஆகாது. எனினும் முரசு சிகிச்சை நீரிழிவு மருந்துக்கு மாற்றன்று, அதற்குத் துணை.

பல்லிழப்பும் பிற இழப்புகளும்

பல் போயின் உணவு மாறும். கீரைத் தண்டும் பயற்றங்காயும் பச்சைக் காய்கறியும் கச்சானும் மெல்ல இயலாதார், குழைந்த சோற்றையும் தேநீரில் தோய்த்த பாணையும் கஞ்சியையும் நாடுவர். விரைவிற் சீனியாகும் உணவு மிகும், நார்ப்பொருள் குறையும். நீரிழிவுடையார்க்கு விலக்கத்தக்கதே உணவாகிவிடும். இஃது அவ்வட்டத்தின் மற்றொரு சுற்று.

தமிழாசிரியராகிய எமக்கு வேறொரு கவலையும் உண்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலிகள் பிறத்தற்குரிய எட்டு உறுப்புகளுட் பல்லையும் ஒன்றாக எண்ணினார். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல் கீழிதழோடு இயையப் பிறப்பது. முன்பல் இழந்தார் வாயில் இவ்வொலிகள் சிதைகின்றன. அறுபது வயதில் மேடையேறித் திருமுறை ஓதவும், பேரப்பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கவும் விரும்புவார் முப்பது வயதிலேயே முரசைப் பேணத் தொடங்குதல் வேண்டும்.

செய்யத்தக்கன

வாயைத் தூய்மை செய்தல் எமக்குப் புதியதன்று. நாவலர் பெருமான் சைவ வினாவிடையில் நாளாந்த ஒழுக்கங்களைக் கூறுமிடத்துத் தந்தசுத்தியையும் விதித்துள்ளார். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் எம் முன்னோர் கையாண்டவை. குச்சி பல்லின் வெளிப்புறத்தைத் துலக்கும். பற்களின் இடுக்கை எட்டாது. உமிக்கரியை அழுத்தித் தேய்த்தாற் பல்லின் மேற்பூச்சுத் தேயும். முன்னோர் கொண்ட நோக்கத்தைப் போற்றி, கருவியை இக்காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுதல் தகும். நீரிழிவுடையார் மேற்கொள்ளத்தக்கவற்றைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

1. மெல்லிய நார்களுடைய பற்றூரிகையாலும் புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையாலும் காலையிலும், இரவு படுக்குமுன்னும் இரு நிமிட நேரம் துலக்குக. இரண்டினும் இரவுத் துலக்கலே தவறாது பேணத்தக்கது. உறங்கும்போது உமிழ்நீர் குறையுமாதலின்.

2. பல்லிடுக்கை நாளுக்கு ஒரு முறை அதற்கெனச் செய்த சிறு தூரிகையாலோ நூலாலோ தூய்மை செய்க. ஊசியாலும் ஈர்க்காலும் குத்துதலைக் கைவிடுக.

3. துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அவ்விடத்தை விட்டு விலகற்க. கசிவு நோயின் குறியேயன்றித் தூரிகையின் குற்றமன்று. மென்மையாகத் தொடர்ந்து துலக்கி, இரு கிழமைக்குள் நிற்காவிடின் பல் வைத்தியரிடம் செல்க.

4. வலி இல்லாவிடினும் ஆண்டுக்கு இரு முறையேனும் வாயைக் காட்டுக. முரசு நோயுடையார் வைத்தியர் சொல்லும் தவணைக்கு, சில வேளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செல்லவேண்டியிருக்கும். அரசாங்க வைத்தியசாலைகளின் பல் வைத்தியப் பிரிவுகளில் இச்சேவை கட்டணமின்றியே கிடைக்கின்றது.

5. பல் வைத்தியரிடம் நீரிழிவு உண்டென்பதையும் உண்ணும் மருந்துகளையும் கூறுக. நீரிழிவுக்குப் பார்க்கும் வைத்தியரிடம் முரசு நோயைக் கூறுக. ஒருவர் அறிவதை மற்றவரும் அறிதல் வேண்டும்.

6. பல் பிடுங்கச் செல்லும் நாளில், வைத்தியர் வேறு கூறாவிடின், உண்ணாது செல்லற்க, மருந்தையும் தவிர்க்கற்க. பட்டினியோடு சென்று நாற்காலியிற் சீனி குறைந்து மயங்கி வீழ்தல் உண்டு. இயன்றவரை காலை நேரத்தைத் தெரிந்துகொள்க.

7. சீனி குறைந்து நடுக்கமும் வியர்வையும் கண்டவிடத்துப் பல்லுக்கு அஞ்சி இனிப்பை மறுக்கற்க. உடனே உண்டு, தெளிந்த பின் வாயை நீரால் அலம்புக.

8. பொய்ப்பல்லை இரவிற் கழற்றித் துலக்கி நீரில் இடுக. வாய் வரண்டால் நீரை அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகுக. இனிப்புக் குளிசைகளை வாயில் அடக்கற்க.

9. சுருட்டு, சிகரெட்டு, புகையிலை சேர்ந்த வெற்றிலை ஆகிய மூன்றையும் அறவே விடுக. புகைப்பாருக்கு முரசில் இரத்தக் கசிவு குறைந்து தோன்றலாம். அது நலத்தின் குறியன்று, நோய் மறைந்து வளர்தலின் குறியாகும்.

இன்னும் ஒரு செய்தி. நீரிழிவு தமக்கு இல்லை என்று எண்ணியிருப்பார் ஒருவர்க்கு முரசு அடிக்கடி பழுத்தலும், பற்கள் காரணமின்றி ஆடுதலும் காணப்படின் அவர் தம் இரத்தத்தைச் சோதித்தல் நன்று. மறைந்திருக்கும் நீரிழிவை முதன்முதல் ஐயுறுபவர் சில வேளை பல் வைத்தியராகவே இருத்தலும் உண்டு.

இம்மலரைக் கையிலேந்தும் மாணவர்கட்கு நீரிழிவு தூரத்துச் செய்தி. ஆயினும் இரவிற் பல் துலக்கும் பழக்கம் பதினைந்து வயதிற் படியாவிடின் ஐம்பதிற் படிதல் அரிது. ஆசிரியர்கள் சுகாதார பாடத்தில் முரசு என்னும் சொல்லையும் ஒரு முறை உச்சரிப்பாராக. பழைய மாணவர் பெருமக்களிடம் நாம் விண்ணப்பிப்பது வேறொன்று. ஒன்றுகூடல்களின்போது உறுப்பினர்க்கு இரத்தப் பரிசோதனை நடத்த எண்ணுவோர், அம்மேசையின் அருகே மற்றொரு நாற்காலியும் இட்டு, பல் வைத்தியர் ஒருவரையும் அழைப்பாராக. எம் கல்லூரி வளர்த்த பல் வைத்தியர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உளர், அழைத்தால் மறுக்கமாட்டார்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுக்கும் அதே நேரத்தில், முரசிற் கசியும் துளியையும் ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டால், வட்டத்தை அறுக்கும் வேலை அன்றைக்கே தொடங்கிவிடும்.